அலுவலகம் தரும் உதவித்தொகை: அது யாருடைய பணம்?

அமெரிக்காவில் வசிக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், நிறுவனம் ஆகிய அடையாளங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் அவர் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். குடும்பத்தில் அனைவரிடமும் கிரீன் கார்டு இருக்கிறது. மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நிறுவனத்தின் பெயரில் இயங்கும் அறக்கட்டளை, ஊழியர்களின் பிள்ளைகளில் படிப்பிலும் தலைமைப் பண்பிலும் நம்பிக்கையளிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் வீதம் நான்கு ஆண்டுகள் கல்லூரி உதவித்தொகை தருவதாக அறிவித்திருக்கிறது. மகளுக்கு மதிப்பெண்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் அவள் எந்த மன்றத்துக்கும் தலைவி இல்லை, எந்த அணிக்கும் கேப்டன் இல்லை. பள்ளி விட்டதும் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். வார இறுதியில் தமிழ்ப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறாள். பாட்டியின் மருந்துகளைக் கவனிக்கிறாள். “இதெல்லாம் வீட்டு வேலைதானே, இதைத் தலைமைப் பண்பு என்று யார் ஒத்துக்கொள்வார்கள்?” என்று கேட்கிறார் வாசகி.

உடன் பணிபுரியும் ஒருவர், மகள் பெயரில் அவசரமாக ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கிவிட்டு, கட்டுரையைக் காசு கொடுத்து எழுதி வாங்கிவிடுமாறு யோசனை சொல்லியிருக்கிறார். வாசகியின் மேலாளருக்கு அறக்கட்டளையின் அறங்காவலர் ஒருவரைத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லி வைப்பதாக அவர் முன்வந்திருக்கிறார். கடந்த ஆண்டு ஒரு துணைத் தலைவரின் மகனுக்கு உதவித்தொகை கிடைத்ததால், எல்லாம் முன்கூட்டியே முடிவானதோ என்ற சந்தேகமும் வாசகிக்கு உண்டு. இதற்கிடையில் வேறொரு நிறுவனம் கூடுதல் சம்பளத்தில் அவரை அழைக்கிறது. உதவித்தொகையை வாங்கிக்கொண்டால் பாண்டு எழுதிக் கொடுத்ததுபோல் இங்கேயே கட்டுண்டு கிடக்க வேண்டுமா, போனால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்று அஞ்சுகிறார். கடிதத்தின் கடைசி வரி இது: “நான்கு ஆண்டுகளாக உழைக்கிறேன். இந்தப் பணத்தில் என் மகளுக்கு உரிமை இல்லையா?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்களுடைய மற்றக் குழப்பங்கள் எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. இல்லை, உங்கள் உழைப்பின் பேரில் உங்கள் மகளுக்கு இந்தப் பணத்தில் உரிமை எதுவும் இல்லை. கேட்பதற்குக் கடுமையாக இருக்கலாம். ஆனால் அந்த உரிமை இல்லாதிருப்பதுதான் உங்கள் குடும்பத்துக்கு நல்லது. அறக்கட்டளைகள் தொடர்பான வரிச் சட்டத்தைப் பார்க்கும் வழக்கறிஞன் என்ற முறையிலும், எனக்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு நிறுவனத்தின் பிள்ளைகளுக்காகத் தேர்வுக் குழுவில் ஏழு ஆண்டுகள் விண்ணப்பங்களைப் படித்தவன் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன்.

சம்பளமா, உதவித்தொகையா?

ஒரு நிறுவனம் தன் ஊழியரின் உழைப்புக்கு ஈடாக அவருடைய பிள்ளையின் கல்லூரிச் செலவை ஏற்றுக்கொண்டால், அது எந்தப் பெயரில் வந்தாலும் அந்த ஊழியரின் சம்பளமே என்பதுதான் அமெரிக்க வரிச் சட்டத்தின் பார்வை. 1977 இல் ஆர்மன்ட்ரவுட் வழக்கில் வரி நீதிமன்றம் இதைத் தெளிவாகத் தீர்ப்பளித்தது. முக்கிய ஊழியர்கள் சிலரின் பிள்ளைகளுக்காக ஒரு நிறுவனம் கல்வி நிதி ஒன்றை ஏற்படுத்தி, அதிலிருந்து கல்லூரிச் செலவைக் கொடுத்து வந்தது. பணம் பெற்றோரின் கைக்கு வரவேயில்லை. இருந்தும் அது பெற்றோரின் வருமானம் என்றும், அதற்கு அவர்களே வரி கட்ட வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அப்படியானால் உங்கள் நிறுவனத்தின் அறக்கட்டளை தரும் தொகை மட்டும் எப்படிச் சம்பளம் ஆகாமல் தப்புகிறது? வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 1976 இல் வெளியிட்ட 76-47 எண்ணுள்ள நடைமுறை ஆணைதான் அதற்கு வழி. நிறுவனம் சார்ந்த தனியார் அறக்கட்டளைகள் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தர விரும்பினால், அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தங்கள் தேர்வு முறைக்கு முன் அனுமதி பெறுகின்றன. அந்த நிபந்தனைகளில் ஒன்று விகிதாச்சாரம்: தகுதியோடு விண்ணப்பித்துக் குழுவின் பரிசீலனைக்கு வந்தவர்களில் 25 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது, அல்லது, விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும், தகுதியுள்ள பிள்ளைகள் எல்லோரிலும் 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. இரண்டில் ஒரு வரம்புக்குள் இருந்தால்தான் வரித்துறையின் ஏற்பு உறுதி. முதல் அளவுகோலின்படி 40 பேர் விண்ணப்பித்தால் 10 பேருக்குத்தான் கிடைக்கும். கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை என்று சொல்வதால்தான் அது சம்பளமாகக் கருதப்படுவதில்லை.

ஆகவே, நான்கு ஆண்டு உழைப்பு உங்கள் மகளை வாசல் வரை கொண்டுவந்து விட்டிருக்கிறது. (பெற்றோர் இத்தனை காலம் பணிபுரிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம், ஆனால் அது மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் அதே ஆணையில் உள்ளது. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.) வாசலுக்கு உள்ளே நீங்கள் யார், எந்தப் பதவி, எவ்வளவு சம்பளம் என்பதற்கு இடமே இல்லை. அங்கே நடந்து போக வேண்டியவள் உங்கள் மகள் மட்டும்தான்.

ஒரு சிறு எச்சரிக்கை. இவை அனைத்தும் அறக்கட்டளை வழியாக வரும் தொகைக்குப் பொருந்துவன. நிறுவனமே தன் கணக்கிலிருந்து நேரடியாகத் தந்தால் அது உங்கள் சம்பளக் கணக்கில் சேர்ந்து வரிக்கு உட்பட வாய்ப்பு அதிகம். அறிவிப்பைப் பார்த்து, தருபவர் யார் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேலாளரின் ஒரு வார்த்தை

தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அனைவரும் அறக்கட்டளையோடும், அதை நிறுவியவரோடும், நிறுவனத்தோடும் எந்தத் தொடர்பும் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். முன்னாள் ஊழியரைக்கூடத் தொடர்பில்லாதவராக அந்த ஆணை ஏற்பதில்லை. குழு தரும் வரிசைப்படிதான் உதவித்தொகை வழங்கப்பட வேண்டும். அறங்காவலர்கள் நினைத்தால் பட்டியலைக் குறைக்கலாம், ஆனால் கூட்ட முடியாது. உங்கள் மேலாளர் அந்த அறங்காவலரிடம் பேசினால், அவரால் உங்கள் மகளைப் பட்டியலில் சேர்க்க முடியாது. உண்மையிலேயே சேர்க்க முடிந்தால், அந்தத் திட்டத்தின் வரி அனுமதியே கேள்விக்குள்ளாகும். நல்லெண்ணத்தோடு முன்வந்தவரிடம் நன்றி சொல்லி, வேண்டாம் என்று நாசூக்காக மறுத்துவிடுங்கள்.

துணைத் தலைவரின் மகன் விஷயமும் இதைப் போன்றதே. பெற்றோரின் பதவி சாதகமாகவும் கணக்கில் வரக் கூடாது, பாதகமாகவும் வரக் கூடாது. உயர் அதிகாரியின் பிள்ளை என்பதற்காகத் தகுதியுள்ள பையனை ஒதுக்கவும் முடியாது. ஒரே ஆண்டின் ஒரே முடிவை வைத்து முறைகேடு என்று முடிவு கட்டாதீர்கள். ஆண்டுதோறும் மேல்மட்டத்தாரின் பிள்ளைகளே பெற்று வந்தால் அப்போது கேட்கலாம். அதற்கு முன்பாகவே, தேர்வு செய்பவர் யார், எந்த அளவுகோல்களில் என்பதை மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. நான் பார்த்தவரையில் பெரும்பாலான நிறுவனங்கள் இந்தப் பொறுப்பை வெளியாரிடம் ஒப்படைத்துவிடுகின்றன. மின்னசோட்டாவில் இயங்கும் ஸ்காலர்ஷிப் அமெரிக்கா, 1955 இல் தொடங்கிய நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப் கார்ப்பரேஷன் போன்றவை பல நிறுவனங்களுக்காகத் தேர்வை நடத்தித் தருகின்றன. நேஷனல் மெரிட் வழியாக நடப்பதாக இருந்தால் பதினோராம் வகுப்பிலேயே பி.எஸ்.ஏ.டி. என்ற பொதுத் தேர்வை எழுதியிருக்க வேண்டும். உங்கள் அறிவிப்பு கட்டுரையும் பரிந்துரைக் கடிதங்களும் கேட்பதால் அது வேறு வழி என்று தெரிகிறது. ஆனால் பத்தாம் வகுப்பில் பிள்ளைகளை வைத்திருக்கும் வாசகர்கள் இப்போதே விசாரித்து வைப்பது நல்லது.

பாட்டியின் மாத்திரை அட்டவணை

இனி, நீங்கள் போகிற போக்கில் நான்கு வரியில் எழுதிவிட்டுக் கடந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே மிக மதிப்புள்ள பகுதி அதுதான்.

மருந்துக் கடையில் தயாரிப்பாளர் மாறியதால் ரத்த அழுத்த மாத்திரை வெள்ளையிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறிவிட்டது. அதை வேறு மருந்து என்று எண்ணி, உங்கள் மாமியார் ஒரு காலையில் பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கிவிட்டார். அன்று மாலை உங்கள் மகள் ஓர் அட்டையை எடுத்து, ஒவ்வொரு மாத்திரையிலும் ஒன்றை ஒளிபுகும் டேப்பால் ஒட்டி, பக்கத்தில் அது எதற்கான மருந்து என்று தமிழில் எழுதி, காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்தாள். ஞாயிறுதோறும் மீதி மாத்திரைகளை எண்ணிப் பார்க்கிறாள். தமிழ்ப் பள்ளிக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துவரும் மற்றப் பாட்டிகள் கேட்டார்கள் என்று இப்போது ஆறு வீடுகளுக்கு அத்தகைய அட்டை செய்து கொடுத்திருக்கிறாள். மருந்து மாறினால் தனக்குச் சொல்ல வேண்டும் என்று அந்த வீட்டுப் பிள்ளைகளையும் பழக்கியிருக்கிறாள். இதைத்தான் நீங்கள் வீட்டு வேலை என்கிறீர்கள்.

தேர்வுக் குழுவில் நான் உட்கார்ந்த முதல் ஆண்டில், பதினொரு மன்றங்களில் பொறுப்பு வகித்ததாக எழுதிய ஒரு மாணவரின் விண்ணப்பத்தை மூன்று பேர் படித்தோம். படித்து முடித்ததும், அந்தப் பதினொன்றில் எதில் அவர் என்ன செய்தார் என்று எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பதவிப் பட்டியல் குழுவை மயக்குவதில்லை. ஒரு குறை கண்ணில் பட்டதும் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாரா, பிறரை அதில் சேர்த்துக்கொண்டாரா, தான் ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டாலும் அது நடக்கும்படி செய்தாரா என்பவைதான் எங்கள் மேசையில் எழுந்த கேள்விகள். உங்கள் மகளிடம் மூன்றுக்கும் பதில் இருக்கிறது.

இது என் ஒருவனின் கருத்து மட்டும் அன்று. 2016 இல் ஹார்வர்டு கல்வியியல் பள்ளியின் திட்டம் ஒன்று வெளியிட்ட அறிக்கை, உடன்பிறந்தவர்களைக் கவனிப்பது, குடும்பத்துக்காக வேலை செய்வது போன்றவற்றைச் சேர்க்கையில் உரிய மதிப்போடு பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. பல கல்லூரிகளின் சேர்க்கைப் பொறுப்பாளர்கள் அதை ஆதரித்தார்கள். நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் குடும்பப் பொறுப்புகளுக்கென்றே தனி வகை இருக்கிறது. தம்பியைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தை வாரத்துக்கு எத்தனை மணி என்று எண்ணிக்கையாகவே எழுதச் சொல்லுங்கள். மன்றங்களில் சேர நேரம் இல்லாமல் போனதன் காரணத்தை அந்த எண்ணே சொல்லிவிடும். தனியாக வருத்தக் குரலில் விளக்கம் வேண்டியதில்லை.

பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டியது உங்கள் அலுவலகத்தில் யாரிடமும் அல்ல. ஆசிரியர் ஒருவர் கட்டாயம் வேண்டும். இரண்டாவதாக, அந்த ஆறு வீடுகளில் ஒன்றைச் சேர்ந்தவரோ, தமிழ்ப் பள்ளியில் அவள் வகுப்பெடுப்பதை நேரில் பார்த்தவரோ எழுதினால் நல்லது. உறவினர் வேண்டாம்.

அவசரத் தொண்டு அமைப்பும் கூலிக்குக் கட்டுரையும்

இந்த யோசனையை நான் சுருக்கமாகவே ஒதுக்க விரும்புகிறேன். மூன்று வாரத்தில் முளைத்த அமைப்புகளை விண்ணப்பங்களில் ஆண்டுதோறும் பார்த்தோம். தொடங்கிய தேதியே காட்டிக்கொடுத்துவிடும். விண்ணப்பத்தின் அடியில், தகவல்கள் உண்மை என்றும் கட்டுரை சொந்தமாக எழுதியது என்றும் மகள் கையெழுத்திடுகிறாள். பொய் என்று பின்னால் தெரிந்தால் உதவித்தொகை போகும். ஆனால் உங்கள் நண்பர் யோசிக்காத ஒன்று இருக்கிறது: இது உங்கள் சொந்த நிறுவனத்தின் பெயரில் இயங்கும் அறக்கட்டளை. அங்கே பொய்யான விண்ணப்பம் போவதற்கு நீங்கள் துணை நின்றதாகத் தெரிந்தால், அது நடத்தை விதிமீறலாக உங்கள் வேலை வரைக்கும் வரக்கூடும். காசுக்கு எழுதித் தருபவரானாலும் கணினிச் செயலியானாலும் இதுவே பதில். கட்டுரையை நீங்கள் படித்துப் பார்த்து, எங்கே புரியவில்லை என்று சொல்லலாம். வாக்கியத்தைத் திருத்த மட்டும் கை வைக்காதீர்கள். நாற்பத்தைந்து வயதுக்காரரின் வாக்கியம் பதினேழு வயதுப் பெண்ணின் கட்டுரையில் துருத்திக்கொண்டு நிற்கும்.

வேலை மாறினால்

உங்கள் அச்சத்துக்கு நல்ல செய்தி இங்கேதான் இருக்கிறது. உங்களை வேலையில் தக்கவைக்கும் தூண்டிலாக உதவித்தொகையைப் பயன்படுத்தக் கூடாது என்பது 76-47 ஆணையின் முதல் நிபந்தனை. ஒரு முறை வழங்கப்பட்ட பின், பெற்றோர் எந்தக் காரணத்துக்காக வேலையை விட்டாலும், நீக்கப்பட்டாலும்கூட, அதை நிறுத்தக் கூடாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டியிருந்தாலும், பெற்றோர் இப்போது பணியில் இல்லை என்பதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. உங்கள் மகள் நிறுவனத்துக்குப் பயன்படும் பாடத்தைத்தான் படிக்க வேண்டும் என்றோ, படித்து முடித்து அங்கே வேலைக்கு வர வேண்டும் என்றோ நிபந்தனை இருக்க முடியாது. பாண்டு என்ற சொல்லையே மறந்துவிடலாம். அது உங்கள் சம்பளமாக இருந்திருந்தால் நீங்கள் போகும்போது கூடவே போயிருக்கும். மகளின் உதவித்தொகை என்பதால் அவளோடு தங்குகிறது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு வழங்கப்பட்ட பிறகுதான் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். விண்ணப்பித்த பின், முடிவு வரும் முன் நீங்கள் விலகினால், திட்ட விதிகளின்படி மகள் தகுதி இழக்கக்கூடும். பெற்றோர் எந்தத் தேதியில் பணியில் இருக்க வேண்டும் என்பது விதிகளில் எழுதியிருக்கும்: கடைசி நாளா, தேர்வு நாளா, அறிவிப்பு நாளா என்று பாருங்கள். புதிய நிறுவனத்திடம் சேரும் தேதியைச் சில வாரங்கள் தள்ளிக் கேட்பதில் தவறில்லை. அதே சமயம், நாலில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கக்கூடிய ஒரு வாய்ப்புக்காக நல்ல வேலையைக் கைநழுவ விடுவதும் சரியான கணக்கு அல்ல. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

5,000 டாலர் முழுதாக மிஞ்சுமா?

கிடைத்தால் ஆண்டுக்கு 5,000 டாலர் செலவு குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். குறையாமலும் போகலாம். வெளியிலிருந்து உதவித்தொகை வருவதைக் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிந்ததும் சில கல்லூரிகள் தாங்கள் தருவதாகச் சொன்ன, திருப்பிக் கட்ட வேண்டாத மானியத்தை அதே அளவுக்குக் குறைத்துவிடுகின்றன. இன்னும் சில, முதலில் கடனையும் வளாக வேலைத் தொகையையும் குறைத்து, அதன் பிறகே மானியத்தைத் தொடுகின்றன. இந்த இரண்டுக்கும் உங்கள் கைப்பணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. மேரிலாந்து 2017 இல் முதன்முதலாக இத்தகைய குறைப்பைத் தன் அரசுக் கல்லூரிகளில் கட்டுப்படுத்திச் சட்டம் செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றியிருக்கின்றன. எந்தக் கல்லூரி என்று முடிவு செய்வதற்கு முன்பே அதன் நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வரியையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பட்டப்படிப்பு மாணவி என்ற முறையில் கல்விக் கட்டணத்துக்கும், பாடத்துக்குக் கட்டாயமான புத்தகங்கள், கருவிகளுக்கும் செலவாகும் பகுதிக்கு வரி இல்லை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி மகளின் வருமானம். சில சமயம் ஒரு பகுதியை வேண்டுமென்றே விடுதிச் செலவாகக் காட்டுவது குடும்பத்துக்கு லாபமாக இருக்கும். கல்லூரிச் செலவுக்காகப் பெற்றோருக்குக் கிடைக்கும் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச் சலுகை முழுதாக 2,500 டாலர் கிடைக்க, வரியில்லா உதவித்தொகையால் ஈடுகட்டப்படாத கல்விச் செலவு 4,000 டாலர் இருக்க வேண்டும்; விடுதிச் செலவாகக் காட்டிய பகுதி அந்தச் செலவை ஈடுகட்டியதாகக் கணக்கில் வராது. கணவன் மனைவி கூட்டு வருமானம் 1.6 லட்சம் டாலரைத் தாண்டினால் இந்தச் சலுகை குறையத் தொடங்கும். உதவித்தொகையின் விதிகள் விடுதிச் செலவை அனுமதித்தால் மட்டுமே இது பொருந்தும் என்பதால், வரி தயாரிப்பவரிடம் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வரி: தனியார் உதவித்தொகை என்பது மத்திய அரசின் நிதியுதவி அல்ல. ஆகவே விசா ஒன்றையே காரணமாக நினைத்து விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ கேட்கப்படுகிறதா என்று அந்தந்தத் திட்டத்தின் விதிகளைப் பாருங்கள்.

சகோதரி, இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது மூன்றே வேலைகள்தான். திட்டத்தின் முழு விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் பணித் தேதி, புதுப்பிக்கத் தேவைப்படும் மதிப்பெண், படிப்பை ஓராண்டு தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்ற மூன்றையும் அடிக்கோடிடுங்கள். பிறகு மகளிடம் போய், அந்த அட்டையைச் செய்த மாலையில் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, அவள் சொல்வதை அவளையே எழுத விடுங்கள். இணைப்புகளுக்கு அனுமதி இருந்தால் அட்டையின் ஒரு படத்தையும் சேர்க்கலாம். பாட்டியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் மட்டும் மறைத்துவிடச் சொல்லுங்கள்.